வெறும் வயிறும் ஒரு குவளைத் தண்ணீரும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி மலையேறி முடிக்கும் இடம் கடுகண்ணாவை. அவ்வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் அங்கே நிற்கின்றது. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுவதற்கென அமைந்த பழைய அம்பலம் ஒன்றும் கணவாய்ப் பக்கத்தில் உண்டு. மலையேறி வந்தவனுக்கு முதலில் வேண்டியது நிழல். அடுத்து வேண்டியது தண்ணீர். வீதியோரத்தில் மண்பானையிலே நீர் நிரப்பி வைத்து, போவோர் வருவோரின் தாகம் தீர்ப்பதைச் சிங்களக் கிராமத்தார் புண்ணியமாகக் கருதி வந்தனர். நம்மவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலின் கருத்தும் அதுவே.

இத்தகைய மரபுடைய நாட்டில் இன்று வேறொரு காட்சியைக் காண்கின்றோம். கடுகண்ணாவையிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இரத்தப் பரிசோதனைக்காகப் பேராதனைக்கும் கண்டிக்கும் மக்கள் அதிகாலையிலேயே புறப்படுகின்றனர். முதல்நாள் இரவு உண்ட பின்னர் ஒரு மிடறு நீரும் அருந்தாமல், உலர்ந்த உதடுகளுடன் வரிசையிலே காத்திருப்போர் அவர்களுள் பலர். ஏன் என்று வினவினால், “வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், தண்ணீர் குடித்தால் இரத்தம் பிழையாகக் காட்டுமாம்” என்பார்கள்.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? மிகப் பெரும்பாலான இரத்தப் பரிசோதனைகளுக்கு வெறுந் தண்ணீர் தடையன்று. அளவோடு அருந்துவது நன்மையே செய்யும் என்பதே இன்றைய மருத்துவத்தின் விடை. அதன் காரணத்தைக் குடும்பத்தார் யாவரும் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில், தண்ணீரை விலக்குவதால் விளையும் தீங்கு சில வேளைகளில் சிறியதாயிருப்பதில்லை.

உண்ணாதிருப்பது எதற்காக?

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் செரித்துச் சீனியாக மாறி இரத்தத்திற் கலக்கின்றன. உணவுக்குப் பின் இரத்தத்திலுள்ள சீனியின் அளவு உயர்ந்து, சில மணி நேரத்தில் மீண்டும் தாழ்கின்றது. ஒருவர் இடியப்பம் உண்டு வந்தார், மற்றொருவர் ஒன்றும் உண்ணாது வந்தார் என்றால், இருவரின் அளவையும் ஒரே கோலால் மதிப்பிட இயலாது. ஆதலால், குறைந்தது 8 மணி நேரம் உணவின்றி இருந்த பின் அளப்பது என்று வைத்தியர்கள் பொது விதி வகுத்துக்கொண்டனர்.

உணவின்றி இருக்கும்போதும் இரத்தத்திற் சீனி அற்றுப் போவதில்லை. இதற்குக் காரணம் ஈரல். ஈரலானது சீனியைச் சேமித்து வைத்து, வேண்டும்போது இரத்தத்திற்கு வழங்குகின்றது. பிரான்ஸ் தேசத்து உடலியல் அறிஞர் குளோட் பேர்ணார்ட் இவ்வுண்மையை ஆராய்ந்து, அச்சேமிப்புப் பொருளாகிய கிளைக்கோசனை 1857 ஆம் ஆண்டிலே பிரித்தெடுத்துக் காட்டினார். இரவு முழுவதும் உண்ணாதிருந்தவரின் காலை இரத்தம், ஈரலும் இன்சுலினும் தம்முள் ஒத்திசைந்து வேலை செய்கின்றனவா என்பதைத் தெரிவிக்கின்றது. அந்த அளவு ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாயிருப்பின் நலம். 126 அல்லது அதற்கு மேலாயிருந்து, மறு பரிசோதனையிலும் அவ்வாறே காணப்படின் நீரிழிவு எனக் கொள்வர்.

தண்ணீரிலே சீனி இல்லை, கொழுப்பும் இல்லை, உடலுக்கு எரிபொருளாகக்கூடிய எதுவும் இல்லை. ஆகவே அது ஈரலின் கணக்கையோ இன்சுலினின் கணக்கையோ குழப்புவதில்லை. வைத்தியர் விலக்கச் சொன்னது உணவை. தண்ணீரை விலக்கியவர்கள் நாமே.

இந்தப் பரிசோதனை நம் நாட்டுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 2005–2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு ஒன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் எனக் கண்டது. இன்று பெரும்பாலான குடும்பங்களில் யாரேனும் ஒருவர் இப்பரிசோதனைக்குச் செல்ல வேண்டியவராகவே இருப்பார்.

ஒரு குவளை நீர் எம்மாத்திரம்?

“சீனி இல்லாவிட்டாலும், தண்ணீர் இரத்தத்தை ஐதாக்கிவிடாதா?” என்று அறிவார்ந்த மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வியே. கணக்கிட்டுப் பார்ப்போம்.

60 கிலோகிராம் நிறையுள்ள ஆண் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 36 லீற்றர் நீர் உள்ளது. நாம் குடிக்கும் 250 மில்லிலீற்றர் கொண்ட ஒரு குவளை நீர் இரத்தக் குழாய்களுக்குள்ளேயே தங்கிவிடுவதில்லை. அது உடலெங்கும் உள்ள நீருடன் கலந்து பரவுகின்றது. 36 லீற்றரில் கால் லீற்றர் என்பது நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. அந்தச் சிறு மிகுதியையும் சிறுநீரகங்கள் வெளியேற்றத் தொடங்கிவிடுகின்றன. கிணற்றிலே ஒரு செம்பு நீரை ஊற்றினால் நீர்மட்டம் எவ்வளவு உயருமோ, அவ்வளவே இங்கும் நிகழ்கின்றது.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆரோக்கியமான சிறுநீரகங்கள் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரையே வெளியேற்ற வல்லவை. இரத்தம் நன்றாக வரட்டும் என்றெண்ணி, குறுகிய நேரத்தில் இரண்டு மூன்று லீற்றரைக் குடித்துத் தள்ளுவோருக்கு இரத்தத்திலுள்ள சோடியம் குறையக்கூடும். சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. அது வெகுவாகக் குறைந்தால் தலைவலி, மயக்கம், வலிப்பு என்பனவும் நேரலாம். ஒரு குவளை அல்லது இரண்டு குவளை என்பதே நிதானம்.

நீர் குறைந்தால் விளைவது என்ன?

இரத்தத்தில் ஏறக்குறையப் பாதிக்குச் சற்று அதிகமான பகுதி பிளாஸ்மா எனப்படும் திரவம். அதிலே பத்தில் ஒன்பது பங்கு நீர். இராப்பொழுது முழுவதும் நீரின்றி இருந்து, காலையிலும் வெயிலில் நடந்து, வியர்த்துக் களைத்து வருபவரின் பிளாஸ்மா சுருங்குகின்றது. அப்போது அதிலுள்ள புரதம், அல்புமின், யூரியா முதலியவை செறிந்து காணப்படும். சிவப்பணுக்களின் விகிதமும் கூடுதலாகத் தோன்றும். குடத்து நீர் வற்றினால் அதிற் கரைந்த உப்பு கூடியதுபோல் உவர்ப்பதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். உப்பு கூடவில்லை, நீரே குறைந்தது. சிறுநீரகம் பழுதுற்றதோ என்று ஐயுற்று மறு பரிசோதனை எழுதப்படுவதற்கும், வீட்டார் கவலையில் ஆழ்வதற்கும் இது காரணமாகலாம்.

இரண்டாவது தொல்லை ஊசியால் வருவது. நீர் குறைந்த உடலில் நரம்பு என்று நாம் சொல்லும் நாளங்கள் தளர்ந்து ஒடுங்கிவிடுகின்றன. தாதி ஒரு முறை குத்தி, இரத்தம் வராமல் மறு கையிலும் குத்த நேரிடுகின்றது. முதியோருக்கும் மெலிந்தோருக்கும் இது பெருந் துன்பம். கையைக் கட்டிய பட்டி நெடுநேரம் இருந்தாலும், இரத்தம் வரட்டும் என்று விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருந்தாலும், அவற்றாலும் சில அளவுகள் மாறுபடும். பொற்றாசியம் உயர்ந்து காணப்படுவது அவற்றுள் ஒன்று.

மூன்றாவது மயக்கம். ஊசியைக் கண்டவுடன் சிலருக்குத் தலை சுற்றும். பசியும் தாகமும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. இரத்த தானம் செய்வோர் சற்று முன்னதாக அரை லீற்றர் நீர் அருந்தினால் மயக்கம் குறைகின்றது என்பது ஆய்வுகளாற் கண்ட உண்மை. தானம் கொடுப்பவருக்கு உணவும் உண்டு, நீரும் உண்டு. அங்கே வெறும் வயிறு கூடவே கூடாது.

மலைநாட்டவருக்கு இன்னுமொரு குறிப்பும் உண்டு. படுத்திருந்தவர் எழுந்து நின்றால் பிளாஸ்மாவில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குழாய்களை விட்டுச் சுற்றியுள்ள தசைகளுக்குள் செல்கின்றது. இதனால் புரதமும் கொலஸ்தரோலும்கூடச் சற்று உயர்ந்து காணப்படும். ஒரு குவளை நீர் செய்யும் மாற்றத்தைக் காட்டிலும் இது பெரிது. எனவே ஏற்றம் ஏறி, பஸ் வண்டியில் நின்றவாறு பயணஞ் செய்து வந்தவர், 15 நிமிடமாவது அமைதியாக அமர்ந்திருந்த பின்னரே கையை நீட்டுவது நல்லது.

காய்ச்சல் வந்த வேளையில்

இதுவரை கூறியவை பெரும்பாலும் தொல்லைகள். இனிக் கூறப்போவது ஆபத்து.

டெங்குக் காய்ச்சல் நம் நாட்டுக்குப் புதியதன்று. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 க்கும் மேற்பட்டோர் அந்நோயால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. கண்டி மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலாவது முழு இரத்தக் கணிப்புச் செய்வித்தல் வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுரை. இப்பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. உண்ணலாம், பருகலாம். ஆயினும் “இரத்தப் பரிசோதனை” என்ற சொல்லைக் கேட்டவுடன் காய்ச்சற்காரப் பிள்ளையைக்கூடக் காலைவரை நீரின்றி வைத்திருக்கும் பெற்றோர் உண்டு.

இது ஏன் தீது? டெங்கு நோயிற் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்குகின்றது. அதனால் சிவப்பணுக்களின் விகிதம் உயர்கின்றது. முன்பிருந்த அளவிலிருந்து நூற்றுக்கு 20 பங்கு உயருமானால், கசிவு நேர்ந்துள்ளது என வைத்தியர் கொள்வர். நீர் அருந்தாமையால் உடல் வற்றினாலும் அதே விகிதம் உயரும். இரண்டும் கலந்துவிட்டால் நிலைமையை அறிவது கடினமாகும். அதனினும் கொடிது, கசிவினால் ஏற்கெனவே சுருங்கும் இரத்தத்தை நாமே மேலும் சுருங்கச் செய்வது. நோயாளி அதிர்ச்சி நிலைக்குச் செல்வதற்கு அது வழிவகுக்கும்.

டெங்கு எனச் சந்தேகிக்கப்படும் வளர்ந்தோர் ஒரு நாளில் ஏறக்குறைய 2,500 மில்லிலீற்றர் திரவம் அருந்துதல் வேண்டும் என நம் நாட்டு வைத்திய வழிகாட்டிகள் கூறுகின்றன. அதனை வெறுந் தண்ணீராக மட்டும் கொடாமல் ஜீவனி, செவ்விளநீர், கஞ்சி, சூப் எனக் கலந்து கொடுத்தல் சிறந்தது. சிவப்பு நிறமும் கபில நிறமும் உள்ள பானங்களை விலக்குக. வாந்தி வந்தால் அது இரத்தமோ எனப் பிரித்தறிய அவை தடையாகும். பிள்ளைகளுக்குரிய அளவை வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும்.

மாத்திரையும் மறுத்தவர்

தண்ணீரை விலக்குவோர் அதனோடு மாத்திரையையும் விலக்கிவிடுகின்றனர். உயர் இரத்த அழுத்தத்திற்குத் தினந்தோறும் காலையில் மருந்து உட்கொள்ளும் முதியவர், பரிசோதனை நாளிலே அதை விட்டுவிடுகின்றார். வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, பதற்றமுங் கூடி, அழுத்தம் உயர்ந்து தலைவலியோடு வீடு திரும்புகின்றார். வைத்தியர் வேண்டாமென்று கூறியிருந்தாலன்றி, அம்மாத்திரையைச் சிறிது தண்ணீருடன் உரிய நேரத்தில் விழுங்குவதே முறை.

நீரிழிவு மருந்தின் முறை வேறு. உணவு இல்லாமல் அம்மருந்தையோ இன்சுலினையோ உட்கொண்டால் இரத்தத்திற் சீனி மிகத் தாழ்ந்துவிடும். உடல் நடுங்கி, வியர்த்து, அறிவு தடுமாறும். ஆகவே அதனைப் பரிசோதனைக்குப் பின் காலை உணவோடு எடுப்பதா, வேறு விதமாகவா என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் என்றால் எது?

தண்ணீர் குடிக்கலாம் என்றவுடன், “அப்படியானால் ஒரு பிளேன்டீ?” என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. தேயிலை விளையும் நாட்டில் அவ்வாறு கேட்பது இயற்கையே. ஆனால் சீனி கலந்த தேநீர் உணவாகவே கணக்கிடப்படும். சீனி போடாது, கித்துள் கருப்பட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு குடிப்பதும் அதுவே. வாயில் கடித்தாலும் கோப்பையில் கரைத்தாலும் வயிற்றில் சேர்வது சீனிதான். சீனியும் பாலும் இல்லாத தேநீரிலும் கோப்பியிலும் கஃபீன் உண்டு. அது சில அளவுகளை மாற்றக்கூடும். ஆதலால் அவற்றையும் விலக்குவதே மேல்.

இளநீர், எலுமிச்சைச் சாறு, சோடா வகைகள், இலைக்கஞ்சி, அவித்த கொத்தமல்லி நீர் ஆகியனவும் தண்ணீராகா. வெற்றிலை போடுவதும் புகை பிடிப்பதும் அன்று காலையில் வேண்டாம். பல் துலக்கலாம், வாய் கொப்புளிக்கலாம். கொதித்தாறிய வெறும் நீர் ஒன்றே அனுமதிக்கப்பட்டது என்று நினைவிற் கொள்க.

எல்லாப் பரிசோதனைக்கும் உண்ணா நிலை வேண்டுமென்பதும் இல்லை. மூன்று மாத காலத்துச் சீனியின் சராசரியைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ1சி பரிசோதனையை எந்நேரமும் செய்யலாம். கொழுப்புப் பரிசோதனைக்கு 12 மணி நேரம் உண்ணாதிருத்தல் நெடுநாளைய வழக்கம். பெரும்பாலானோருக்கு அது அவசியமன்று என ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2016 ஆம் ஆண்டில் அறிவித்தன. எனினும் பல இடங்களில் பழைய முறையையே கேட்கின்றனர். சீட்டில் எழுதியபடி நடந்துகொள்வோம். எந்த முறையாயினும் வெறுந் தண்ணீருக்கு அங்கே தடை இல்லை. மேலும், நெடுநேரம் பட்டினி கிடந்தால் பெறுபேறு கூடுதலாகத் திருந்திவிடும் என்று கருதுவதும் பிழை. வேண்டிய நேரத்திற்கு மேல் நீளும் பட்டினி தானே அளவுகளை மாற்றிவிடும்.

இத்தடை எங்கிருந்து வந்தது?

மக்கள் காரணமின்றி இப்படி எண்ணத் தொடங்கினர் என்று நாம் கூற மாட்டோம். சத்திர சிகிச்சைக்கு முன் “வாயில் ஒன்றும் படக்கூடாது” என்று வைத்தியசாலைகளில் கண்டிப்பாகச் சொல்வார்கள். மயக்க மருந்தின்போது இரைப்பையில் உள்ளது மேலெழுந்து சுவாசப்பைக்குட் சென்றால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க வைத்தியர் கேட்டிஸ் மென்டல்சன் 1946 ஆம் ஆண்டில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். அங்குங்கூட இக்காலத்து வழிகாட்டிகள் தெளிந்த நீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்வரை அனுமதிக்கின்றன. ஆனாலும் சத்திர சிகிச்சையைப் பொறுத்தவரை வைத்தியசாலை கூறிய நேரமே நமக்கு விதி. அந்த விதியை இரத்தப் பரிசோதனைக்கும் ஏற்றிக்கொண்டதே குழப்பத்தின் ஒரு வேர்.

மற்றொரு வேர் நம் விரதங்களில் உள்ளது. கந்தசஷ்டியில் நீரும் அருந்தாது நோன்பிருப்போர் நம்மவரிடை உண்டு. முஸ்லிம் சகோதரர்களின் றமழான் நோன்பிலும் பகலில் தண்ணீர் இல்லை. கடுமை கூடக்கூடப் பலனும் கூடும் என்பது பக்தியின் வழி. பரிசோதனைக்கூடத்தில் அக்கடுமைக்கு வேலை இல்லை.

உண்மையான விலக்குகளும் சில உள. உடல் நீரை எவ்வாறு காத்துக்கொள்கின்றது என்பதையே அறிவதற்காக, நோயாளியைப் பல மணி நேரம் நீரின்றி வைத்து அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அது வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில் நடப்பது. காலையின் முதற் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னால், அதற்கு முன் நிறைய நீர் குடித்து அதை ஐதாக்கக் கூடாது. மாறாக, அடிவயிற்றை ஸ்கேன் செய்யும்போது சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கத் தண்ணீர் குடித்து வரும்படி கேட்பதும் உண்டு. இருதயம் பலவீனமுற்றோரும் சிறுநீரக நோயாளரும் தமக்கு விதிக்கப்பட்ட நீரளவை எந்நாளும் மீறலாகாது.

ஆகவே, வைத்தியர் கையில் சீட்டைத் தரும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவோம்: எத்தனை மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும்? வெறுந் தண்ணீர் அருந்தலாமா? காலை மருந்தை என்ன செய்வது? கேட்பதற்கு ஒரு நிமிடமும் செல்லாது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுப் பெரியோருக்காக அவ்விடைகளைச் சீட்டின் பின்புறத்தில் தமிழிலே குறித்துக் கொடுத்தால், அது பாட்டனுக்கும் பாட்டிக்கும் செய்யும் பெரிய உபகாரமாகும். தண்ணீர் அருந்தலாம் என்ற விடை கிடைத்தால், விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்படுமுன் அவர்கள் கையில் கொதித்தாறிய நீர் ஒரு குவளை கொடுத்தனுப்ப மறவாதிருப்போமாக.